ஜெயிச்ச பிள்ளைக்கும் வலிக்கும்... அகாஸியின் அப்பாவும் அமிர்தராஜின் அம்மாவும்!

1992 விம்பிள்டன் ஃபைனல். இவானிசெவிச்சை ஐந்து செட்டில் ஜெயித்து, முதல் கிராண்ட் ஸ்லாம் பட்டம் வாங்கிய ஆண்ட்ரே அகாஸி அப்பாவிடம் போனில் பேசுகிறார். 'சபாஷ்டா'னு வரும்னுதானே நினைப்போம்? நாலாவது செட்டை நீ தோத்திருக்கவே கூடாது என்பதுதான் அப்பாவின் முதல் ரியாக்‌ஷன். அதற்கப்புறம் அவர் அழுகையை அடக்குவதும் கேட்டதாம். அதுதான் இதில் சிக்கலே. பாசம் இல்லாத அப்பா இல்லை அவர்.

2009-ல் வெளிவந்த 'ஓப்பன்' என்ற தன் வாழ்க்கைக் கதையில் அகாஸி இதையெல்லாம் எழுதியிருக்கிறார். அப்பா மைக், ஈரானுக்காக இரண்டு ஒலிம்பிக்கில் பாக்ஸிங் ஆடியவர். லாஸ் வேகாஸ் வீட்டுப் பின்பக்கத்திலேயே டென்னிஸ் கோர்ட். பந்து வீசும் மெஷினை முடுக்கிவிட்டு, ஏழு வயசுப் பையனை தினமும் 2,500 பந்து அடிக்க வைத்தார். அந்த மெஷினுக்குப் பையன் வைத்த பேர் 'டிராகன்'. வருஷத்துக்குப் பத்து லட்சம் பந்து அடிக்கிறவனை யாராலும் ஜெயிக்க முடியாதுங்கிறது அப்பாவோட கணக்கு. மகனோ, டென்னிஸையே வெறுத்தேன் என்கிறார்.

"அதான் எட்டு கிராண்ட் ஸ்லாம் ஜெயிச்சாரே, அப்புறமென்ன?" என்று கேட்கலாம். ஜெயிச்சவங்க கதைதான் புத்தகமா வருது பாஸ். அதே மாதிரி பந்தடித்து, பதினாறு வயசில் தோள்பட்டை போய், பேரே தெரியாமல் வீட்டுக்குத் திரும்பிய பிள்ளைகளை யார் எண்ணினார்கள்?

ஜெயித்தவர்களுக்கும் அது சுலபமில்லை. 17 வயசில், 2000 விம்பிள்டன் அரையிறுதியில் தோற்ற யெலேனா டோகிச்சை, ஹோட்டலுக்கு வராதே என்று சொல்லிவிட்டார் அப்பா. போக இடமில்லாமல் வீரர்கள் ஓய்வறையிலேயே ஒதுங்கியிருக்கிறது அந்தப் பொண்ணு. விம்பிள்டனின் கடைசி நாலு பேரில் ஒருத்தியாக ஆடிய நாளில் இது!

நம்ம சென்னையிலும் ஆசையில் குறைச்சலில்லை. டி.கே.ராமநாதன் மகன் ராமநாதன் கிருஷ்ணனுக்கும் கோச், பேரன் ரமேஷுக்கும் கோச். 1954-லும் 1979-லும் ஜூனியர் விம்பிள்டன் அந்த வீட்டுக்கே வந்தது.

மேகி அமிர்தராஜ் கதை வேற ரகம். சின்ன வயசில் நுரையீரல் பிரச்னையால் விஜய் அமிர்தராஜ் அடிக்கடி ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவருக்குப் பதிலாக அம்மா ஸ்கூலில் உட்கார்ந்து நோட்ஸ் எடுத்தாராம். நல்ல காற்று படட்டும் என்றுதான் டென்னிஸே ஆரம்பித்தது. மூணு பசங்களும் விம்பிள்டன் போகணும் என்ற வெறி அவருக்கும் இருந்தது, போகவும் வைத்தார். ஆக, உழைப்பின் அளவை வைத்து இது நெருக்கடியா இல்லையானு சொல்லிவிட முடியாது. தோத்துட்டு வந்தா வீட்டில் சோறு அதே மாதிரி விழுதா, 'எனக்கு இது வேணாம்'னு சொல்ல இடமிருக்கா என்பதைத்தான் பார்க்கணும்.

மே மாசம் வந்தால் சேலத்துப் பசங்க பாதிப்பேர் காலை அஞ்சரைக்கே கோச்சிங் கேம்ப்பில் நிற்பாங்க. ஒருநாள் ஏற்காடு பஸ் ஏறி, கரடியூர் பக்கம் சும்மா சுத்திட்டு வர அவங்களுக்கு லீவு கிடைக்குமா? வீட்டில் கேட்டுப் பாருங்க, பதில் வரும் வேகத்திலேயே நிறைய தெரிஞ்சிடும்.

அமிர்தராஜ் வீட்டின் கடைசிப் பையன் அசோக், 1974 ஜூனியர் விம்பிள்டன் ஃபைனல் வரை ஆடியவர். அப்புறம் ராக்கெட்டை ஓரமாக வைத்துவிட்டு சினிமாவுக்குப் போனார். ஷங்கரின் 'ஜீன்ஸ்' படத் தயாரிப்பாளர்களில் ஒருவர் அவர்தான்.