வழி குறிக்காமல் சுற்ற ஆசையா? திருவண்ணாமலையில் முடியும்

திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மலையைச் சுற்றும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை நடந்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். கால் போன போக்கில் நடந்து பார்க்க வேண்டும் என்று உங்களுக்கு ஆசை இருந்தால் தாராளமாக நடக்கலாம். மலைக்கு மேலே அல்ல, அடிவாரத்தில்.

வழி தவறிவிட்டால்? மலை சுமார் 2,670 அடி உயரம். சுற்றிலும் சமவெளி என்பதால் சந்திலிருந்து வெளியே வந்தாலே கண்ணில் படும். பெரிய கோயில் பக்கம் நின்றால் மலை உங்களுக்கு மேற்கே. ரமணாசிரமத்தில் நின்றால் வடக்கே. அடிஅண்ணாமலை கிராமத்தில் நின்றால் கிழக்கே. இந்த மூன்றும் நினைவில் இருந்தால் செல்போன் தேவைப்படாது. மலையின் உருவமும் இடத்தைச் சொல்லும். கோயில் பக்கம் ஒற்றை முக்கோணமாகத் தெரிவது, மேற்கே போகப் போகப் பல முகடுகளாகப் பிரியும். அப்படியும் குழப்பமா? மலை உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்படி நடங்கள். கிரிவலக் கூட்டம் போகும் திசை அதுதான், ஊர் வந்துவிடும்.

எங்கே தொடங்குவது? ஊருக்குள் பவழக்குன்று இருக்கிறது, பலர் ஏறிப் பார்ப்பதே இல்லை. 1898இல் ரமண மகரிஷி அங்கே தங்கியிருந்தார். அடிஅண்ணாமலைக் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்கள், சமுத்திரம் ஏரிக்கரை, அங்கிருந்து பிரியும் மண்பாதைகள் எல்லாம் நிதானமாகப் பார்க்க வேண்டியவை. வயல் வரப்பில் இறங்கும் முன் அங்கே வேலை செய்பவரிடம், "அம்மா, இந்தப் பக்கமாப் போகலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் வழியும் சொல்லி, கூடவே நாய் இருக்கும் வீட்டையும் சொல்வார்கள்.

மலையில் ஏன் இஷ்டப்படி ஏறக்கூடாது? அது காப்புக்காடு (வனத்துறை சட்டப்படி காக்கும் காடு). அனுமதியில்லாமல் ஏறுவது குற்றம். அடிவாரக் காட்டை ஒட்டிப் போகும் பழைய உள்வழிப் பாதையையும் மூடிவிட்டார்கள். "ஆடு மேய்ப்பவர் போகிறாரே?" என்று கேட்கலாம். அவருக்கு ஒவ்வொரு பாறையும் தெரியும், உங்களுக்குத் தெரியாது. கோடையில் காய்ந்த புல்லில் ஒரு பொறி பட்டால் சரிவு முழுக்க எரியும். பல ஆண்டுகளாக மரக்கன்று நட்டு, தண்ணீர் ஊற்றி மலையைப் பச்சையாக்கியவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள்; ஒரு தீயில் அந்த உழைப்பு போய்விடும். 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் சரிவிலிருந்து மண்ணும் பாறையும் உருண்டு அடிவாரத்து வ.உ.சி. நகரில் ஏழு பேர் இறந்தார்கள். மழைக்காலத்தில் சரிவுப் பக்கமே போக வேண்டாம்.

மலையில் கொஞ்சமாவது நடக்க வேண்டுமென்றால், ரமணாசிரமத்தின் பின்வாசலிலிருந்து கந்தாசிரமம் போகும் கல்பாதை உண்டு. அரை மணி நேரம் போல ஆகும். ரமணர் 1916 முதல் 1922 வரை கந்தாசிரமத்தில் இருந்தார். அதற்கு முன்பு நெடுங்காலம் வாழ்ந்த விருபாட்ச குகை அதற்குச் சற்றுக் கீழே. அன்று பாதை திறந்திருக்கிறதா என்று ஆசிரமத்தில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். "உச்சிக்குக் கூட்டிப் போகிறேன்" என்று வழியில் யாராவது அழைத்தால் போகாதீர்கள்.

கிரிவலம் வெறுங்காலில் போவது வழக்கம். மண்பாதைக்கு அது ஒத்துவராது. வேலிக்காத்தான் முள் செருப்பையே துளைக்கும். தண்ணீர் எடுத்துக்கொண்டு விடிகாலையில் கிளம்பினால் ஒன்பது மணிக்குள் வெயிலுக்குத் தப்பலாம். பௌர்ணமியன்று லட்சக்கணக்கானோர் வருவார்கள், அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். மாலையில் கிளம்பினால், இருட்டுவதற்குள் செங்கம் சாலையையோ காஞ்சி சாலையையோ பிடித்துவிடுங்கள். ஊருக்குத் திரும்ப ஆட்டோ கிடைக்கும்.