கடலோரத் தொகுதியும் அதன் பிரதிநிதியும்

ஒரு நாட்டின் தலைவர் பெரிய நகரமொன்றிலிருந்துதான் தெரிவு செய்யப்பட வேண்டுமா? இக்கேள்விக்கு விடை தேடியபோது என் கவனத்தை ஈர்த்தது ஜேர்மனியின் வடகிழக்கு மூலையில் உள்ள ஒரு தேர்தல் தொகுதி. 16 ஆண்டுகள் ஜேர்மனியை ஆட்சி செய்த அங்கெலா மேர்க்கல் அம்மையாரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி அது. அதன் கதை, பிரதிநிதித்துவம் என்ற சொல்லின் பொருளை எனக்குத் தெளிவாக்கியது. அதனை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

பால்டிக் கடலோரத்தில் அமைந்துள்ள ஸ்ட்ரால்சுண்ட் ஒரு பழைய துறைமுக நகரம். 1648 முதல் 1815 வரை அது சுவீடன் நாட்டின் ஆட்சியில் இருந்தது. பின்னர் பிரஷ்யாவின் கைக்கு மாறியது. நகருக்கு எதிரே இருப்பது ஜேர்மனியின் மிகப்பெரிய தீவான ரூகன். இரண்டாம் உலகப் போரின் பின் இப்பிரதேசம் கிழக்கு ஜேர்மனிக்குள் அடங்கியது. கப்பல் கட்டும் தளம், மீன்பிடி, விவசாயம் என்பன அன்று மக்களின் முக்கிய வாழ்வாதாரங்களாக இருந்தன.

1990 ஒக்டோபர் 3ஆம் திகதி இரு ஜேர்மனிகளும் ஒன்றிணைந்தன. அதே ஆண்டு டிசம்பர் 2ஆம் திகதி ஒன்றுபட்ட நாட்டின் முதலாவது பொதுத் தேர்தல் நடைபெற்றது. ஸ்ட்ரால்சுண்ட் – ரூகன் – கிரிம்மன் என்ற புதிய தொகுதியில் கிறிஸ்தவ ஜனநாயக ஒன்றியத்தின் சார்பில் போட்டியிட்டவர், குவாண்டம் இரசாயனவியல் ஆய்வில் கலாநிதிப் பட்டம் பெற்ற 36 வயதுப் பெண். அத்தேர்தல் காலத்தில் ரூகன் தீவின் லொப்பே கிராமத்தில் மீனவர்களின் குடிசையொன்றில் அவர் அமர்ந்திருக்கும் புகைப்படம் பிற்காலத்தில் மிகவும் பிரபலமானது. அவர் வென்றார். அடுத்த மாதமே பெண்கள், இளைஞர் விவகார அமைச்சரானார். 2005இல் சான்சலர் பதவியை ஏற்ற முதற் பெண்மணியும் அவரே.

ஜேர்மன் வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குகள் உண்டு. முதல் வாக்கு தொகுதி வேட்பாளருக்கு. இரண்டாவது வாக்கு கட்சிப் பட்டியலுக்கு. பாராளுமன்றத்தில் கட்சிகளின் பலத்தைத் தீர்மானிப்பது இரண்டாவது வாக்கே. நமது நாட்டிலும் 2018 முதல் உள்ளூராட்சித் தேர்தல் வட்டாரமும் விகிதாசாரமும் கலந்த முறையில் நடைபெறுகின்றது. ஆனால் நமக்கு ஒரு புள்ளடிதான். ஜேர்மனியரோ ஊருக்கு ஒருவரையும் கட்சிக்கு வேறொன்றையும் தெரிவு செய்யலாம்.

தொகுதிகள் என்றும் ஒரே வடிவில் இருப்பதில்லை. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ ஒரே அளவு மக்கள் இருக்க வேண்டும் என்பது விதி. வேலை தேடி மக்கள் மேற்கு நோக்கிச் சென்றதால் கிழக்கின் சனத்தொகை குறைந்தது. இத்தொகுதி அடங்கும் மெக்லன்பேர்க் – மேற்கு பொமரேனியா மாநிலத்தில் 1990இல் 9 தொகுதிகள் இருந்தன. இன்று 6 மட்டுமே. அதனால் மேர்க்கலின் தொகுதியும் எல்லை விரிந்து, பெயரும் மாறியது.

மேர்க்கல் அங்கே 1990 முதல் 2017 வரை எட்டு முறை தொடர்ந்து வென்றார். 2013இல் அவருக்கு 56 வீதமான முதல் வாக்குகள் கிடைத்தன. 2017இல் அது 44 வீதமாகக் குறைந்தது. அவருடைய காலத்தில், 2007இல், ஸ்ட்ரால்சுண்டையும் ரூகனையும் இணைக்கும் பெரிய பாலம் திறக்கப்பட்டது. ஆனால் அந்நகரின் கப்பல் கட்டும் தளம் 2012இல் வங்குரோத்து நிலையை அடைந்தது. நாட்டின் தலைவியே உறுப்பினராக இருந்தும் தொகுதியின் எல்லாத் துன்பங்களும் தீர்ந்துவிடவில்லை. இதை நாம் மறக்கக் கூடாது.

2021இல் மேர்க்கல் ஓய்வுபெற்றார். அவரது கட்சி 31 ஆண்டுகள் வைத்திருந்த ஆசனத்தைச் சமூக ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த 27 வயது அன்னா கசவுட்ஸ்கி வென்றார். 2025இல் அத்தொகுதி மீண்டும் கைமாறி, வலதுசாரிக் கட்சியான ஏ.எப்.டி.யிடம் சென்றது. நான்கு ஆண்டுகளுக்குள் மூன்று கட்சிகளின் கையில் அத்தொகுதி இருந்துவிட்டது!

2025 தேர்தலில் புதிய சட்டமொன்றும் முதன்முறையாகப் பயன்படுத்தப்பட்டது. 2021இல் 736 ஆகப் பெருகியிருந்த ஆசனங்கள் 630 ஆக மட்டுப்படுத்தப்பட்டன. கட்சிக்குப் போதிய இரண்டாவது வாக்குகள் இல்லாவிடின், தொகுதியில் முதலிடம் பெற்றவருக்கும் ஆசனம் கிடையாது. அவ்வாறு 23 பேர் தம் தொகுதியில் முதலிடம் பெற்றும் பாராளுமன்றம் செல்லவில்லை. செலவும் நெரிசலும் குறைந்தன என்பது ஒரு சாரார் வாதம். எங்கள் ஊரின் தெரிவுக்கு மதிப்பில்லையா என்பது மறுசாரார் கேள்வி. இரண்டிலும் நியாயம் உண்டு. எனினும், முதலிடம் பெற்றவரை வெளியே நிறுத்தும் முறை மக்களின் நம்பிக்கையைக் குறைக்கும் என்பதே என் கருத்து.

சகோதரிகளே, இன்னும் சில ஆண்டுகளில் நாமும் வாக்குச் சீட்டைக் கையில் எடுப்போம். பிரபலமான பெயர் ஒரு தொகுதிக்குப் பெருமை தரலாம். ஆனால் அந்த ஆசனம் எவருக்கும் சொந்தமன்று. ஒவ்வொரு தேர்தலிலும் அதை மக்களிடம் புதிதாகக் கேட்டுப் பெற வேண்டும். வாக்களிக்கச் செல்லுமுன் நம் வாக்கு எப்படி எண்ணப்படுகின்றது, எப்படி ஆசனமாக மாறுகின்றது என்பதைப் பெற்றோரோடு அமர்ந்து பேசித் தெரிந்துகொள்வோம்.