திரும்பிப் போன மஞ்சள் கார்

பரிசை வாங்கினால் போட்டியில் இடமில்லை! குழந்தைகளே, இப்படியும் ஒரு விதி இருந்தது தெரியுமா?

கனடாவின் ஒட்டாவா நகரைச் சேர்ந்தவர் பார்பரா ஆன் ஸ்காட். பனித்தரையில் சறுக்கிச் சுழலும் ஃபிகர் ஸ்கேட்டிங்கில், 1947ல் உலக சாம்பியன் ஆனார். மகிழ்ந்த ஊரார், மஞ்சள் நிற பியூக் காரைப் பரிசளித்தனர்.

வந்தது சிக்கல்! விளையாட்டால் சம்பாதிக்காத 'அமெச்சூர்'களுக்கு மட்டுமே அப்போது ஒலிம்பிக்கில் அனுமதி. விலையுயர்ந்த பரிசும் சம்பளம் மாதிரிதானாம்!

காரைத் திருப்பிக் கொடுத்தார் பார்பரா. 1948ல் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். அமெச்சூர் போட்டிகளை விட்டு விலகியதும், காரும் அவரிடம் திரும்பி வந்தது!

பின்னாளில் விதி தளர்ந்தது. தொழில்முறை வீராங்கனையாக இருந்த கத்தரீனா விட், 1994 ஒலிம்பிக்கில் மீண்டும் ஆடினார்.

காரா, போட்டியா? நீங்கள் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்?