கொசுக்கடி என்று விட்டுவிடாதீர்கள்! சிவப்புப் புள்ளி சொல்லும் சேதி

பையன் வெளுத்துப் போகிறான். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. "வளர்ற பிள்ளை, கால் வலிக்கத்தான் செய்யும்" என்கிறாள் பாட்டி. "கண்ணு பட்டிருக்கும்" என்கிறார்கள் எதிர்வீட்டில். மந்திரித்துக் கயிறும் கட்டியாச்சு. காய்ச்சல் மட்டும் விடவில்லை!

பெரும்பாலும் இது ரத்தச் சோகையாகவோ சாதாரணக் காய்ச்சலாகவோதான் இருக்கும். ஆனால் ரத்தப் புற்றுநோயும் இதே வேஷத்தில்தான் வரும்.

எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைதான் ரத்தம் தயாராகும் பட்டறை. அங்கே கோளாறான வெள்ளை அணுக்கள் பெருகி இடத்தை அடைத்துக்கொள்கின்றன. சிவப்பணு குறைவதால் ஆள் வெளுக்கிறான். நல்ல வெள்ளை அணு இல்லாததால் காய்ச்சல் மாறி மாறி அடிக்கிறது. தட்டணு குறைந்தால் பல் விளக்கும்போது ரத்தம், அடிபடாமலே ரத்தக்கட்டு.

காலில் கடுகு தெளித்தாற்போலச் சிவப்புப் புள்ளிகளா? கண்ணாடி டம்ளரை மேலே வைத்து அழுத்திப் பாருங்கள். மறையாவிட்டால் தோலுக்கடியில் ரத்தம் கசிந்திருக்கிறது. அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள்!

டெங்குவா, வேறா?

டெங்குவிலும் இந்தப் புள்ளி வரும், தட்டணுவும் இறங்கும். மழைக்காலச் சென்னையில் இதுதான் பெரிய குழப்பம். டெங்கு என்றால் ஒரு வாரம், பத்து நாளில் தட்டணு ஏறத் தொடங்கிவிடும். ஏறவில்லையா? 'ஸ்மியர்' எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள்.

வெள்ளை அணு சாதாரணமாக 4,000 முதல் 11,000 வரை இருக்கும். இந்த நோயில் லட்சத்தையும் தாண்டலாம். சிலருக்குக் குறைந்தும் இருக்கும்! எண்ணிக்கையை மட்டும் நம்ப முடியாது என்பது அதனால்தான்.

இன்னொன்று. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு மாத்திரை சில நாள் நோயை அமுக்கிவிடும். அப்புறம் கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

பெரியவர்களுக்கு வரும் ஒரு வகை மெதுவானது. மண்ணீரல் வீங்கி, நாலு கவளத்திலேயே வயிறு நிறைந்துவிடும். அதற்கு 2001-ல் இமாடினிப் மாத்திரை வந்தது. தினமும் அதை விழுங்கிவிட்டு ஆபீஸ் போகிறவர்கள் பலர் இருக்கிறார்கள்.

குழந்தைகளுக்கு அதிகம் வரும் வகையில், முழு சிகிச்சை எடுத்தால் பெரும்பாலோர் குணமாகிறார்கள். ஆனால் இரண்டு வருஷத்துக்கு மேல் நீளும். பிள்ளை தேறிவிட்டானே என்று பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பிவிடும்.

1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு ஆஸ்பத்திரி இருக்கிறது. அவ்வளவு தூரம் போகுமுன், முதல் ரத்தப் பரிசோதனையை அரசு ஆஸ்பத்திரியிலேயே செய்துகொள்ளலாம். காசு கிடையாது.