சூடேறாத சுவிட்சைவிட அணையாத சுவிட்ச் ஆபத்து!
ஒரகடம் டீக்கடைகளில் "பிரையர்" படுத்தும் பாடு

ஒரகடம் கூட்டு ரோடு. ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்கள் வந்து நிற்கும் நேரம். டீக்கடையில் கூட்டம் நெரிகிறது.

"அண்ணே, பஜ்ஜி சூடா இருக்கா?"

பஜ்ஜி எங்கே? மாவு கரைத்தாகி விட்டது. வாழைக்காய் சீவியாகி விட்டது. "பிரையர்" எனப்படும் மின்சார எண்ணெய்ச் சட்டி மட்டும் மவுனம் சாதிக்கிறது!

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் ஷிப்டை நம்பி கடை நடத்துகிறவர்களுக்கு இது பெரிய தலைவலி. அரை மணி நேரம் சட்டி படுத்தால் அன்றைய வியாபாரமே போச்சு. அந்த அவசரத்தில் செய்கிற ஒரு காரியம் கடையையே கொளுத்தி விடக்கூடும். அது என்ன?

முதலில் பிளக்கைப் பாருங்கள்

கடைகளில் உள்ள சிறிய பிரையரில் ஒரு தொட்டிக்கு 2,500 வாட் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் அது சுமார் 11 ஆம்பியர் இழுக்கும். இரட்டைத் தொட்டி என்றால் 22 ஆம்பியர். இரண்டு பிளக்கையும் ஒரே 16 ஆம்பியர் பாக்சில் சொருகினால் தாங்குமா? சாக்கெட் கருகும். பிளாஸ்டிக் வாடை வந்தால் குற்றவாளி அங்கேதான்! தொட்டிக்கு ஒரு தனி பாயிண்ட் வேண்டும்.

"டெஸ்டர் எரியுது, கரண்ட் இருக்கு" என்று நம்பி விடக்கூடாது. நியூட்ரல் கழன்றிருந்தாலும் டெஸ்டர் எரியும். சட்டி சூடேறாது.

3 காவலர்கள்

பிரையருக்குள் பொதுவாக 3 காவலர்கள் உண்டு.

முதலாவது, சின்ன மைக்ரோ சுவிட்ச். தொட்டியைக் கழுவிவிட்டு மேல் பெட்டியைச் சரியாக உட்கார வைக்காவிட்டால் இது அமுங்காது. கரண்ட் போகாது. அழுத்தி உட்கார வைத்தாலே பல நேரம் கோளாறு தீர்ந்துவிடும்.

இரண்டாவது, தெர்மோஸ்டாட். திருகு குமிழில் வைத்த சூடு வந்ததும் கரண்டை நிறுத்தும். பஜ்ஜி, வடைக்கு 170 முதல் 180 டிகிரி போதும்.

மூன்றாவது, "லிமிட்" சுவிட்ச். தெர்மோஸ்டாட் ஏமாற்றினால் எண்ணெய் அளவுக்கு மீறிக் கொதிக்கும். அப்போது சுமார் 230 டிகிரியில் இது குறுக்கே விழுந்து கரண்டை அறுக்கும். எண்ணெய் ஆறிய பிறகு ரீசெட் பொத்தானை அழுத்தினால் மீண்டும் வேலை செய்யும்.

"டைரக்ட்" கொடுக்காதீர்கள்!

இங்கேதான் வினை. லிமிட் சுவிட்ச் அடிக்கடி விழுந்தால் என்ன நடக்கிறது?

"தம்பி, கஸ்டமர் நிக்கிறாங்க. ஒயரைச் சேர்த்து டைரக்டா குடுத்துடு!"

கொடுத்தால் சட்டி உடனே சூடேறும். ஆனால் காவலரைக் கட்டிப்போட்டாகி விட்டது!

லிமிட் சுவிட்ச் ஏன் விழுந்தது? எண்ணெய் குறைவாக இருக்கலாம். சூட்டை அறியும் குழாய் இடம் மாறியிருக்கலாம். மோசமான காரணம் ஒன்று உண்டு. தெர்மோஸ்டாட்டின் பாயிண்டுகள் கருகி, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கலாம். குமிழைக் குறைத்தாலும் அப்போது கரண்ட் நிற்காது. பெரிய மெஸ் பிரையர்களில் கான்டாக்டரும் இப்படி ஒட்டும்.

லிமிட் சுவிட்சும் இல்லை என்றால் சூடு ஏறிக்கொண்டே போகும். முதலில் புகை. 350 டிகிரியைத் தாண்டினால் நெருப்பு இல்லாமலே எண்ணெய் தானாகப் பற்றிக்கொள்ளும் அபாயம்!

மீட்டர் சொல்லும் உண்மை

திறந்து பார்ப்பது எலெக்ட்ரீஷியன் வேலை. பிளக்கைப் பிடுங்கி, எண்ணெயை ஆறவிட்டு, மீட்டர் வைக்க வேண்டும். 2,500 வாட் காயில் சுமார் 21 ஓம் காட்டினால் காயில் நல்லது. காயிலுக்கும் உடம்புத் தகட்டுக்கும் தொடர்பு காட்டினால் ஷாக் அடிக்கும். காயிலை மாற்ற வேண்டும். ஆறிய நிலையில் குமிழை பூஜ்யத்தில் வைத்தும் தெர்மோஸ்டாட் தொடர்பு காட்டினால், பாயிண்ட் ஒட்டிவிட்டது. அதையும் மாற்றியே ஆகவேண்டும்.

மெயின் சுவிட்ச் சட்டிக்கு மேலே இருக்கக் கூடாது. தீப்பிடித்தால் கை எட்டாது. தள்ளி, வாசல் பக்கம் வைக்க வேண்டும்.

தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் நொடியில் நீராவியாகி, எரியும் எண்ணெயை வாரி இறைக்கும். மெயினை அணைத்து, முடிந்தால் மூடி போட்டு மூட வேண்டும். முடியாவிட்டால் எல்லோரும் வெளியே வந்து 101-க்கு போன் செய்ய வேண்டும்.

பஜ்ஜிக்காக நிற்பவர் அரை மணி நேரம் பொறுக்கலாம். இல்லை, டீயோடு பஸ் ஏறலாம். நாளைக்கும் அவர் வருவார். கடை இருக்க வேண்டுமே!