காரைக் கொடுக்கிறோம், புத்தகம் எங்கே?

முதியோர் இல்லங்களுக்கும் ஆதரவற்ற குழந்தைகளின் விடுதிகளுக்கும் நம் குடும்பங்கள் அளிக்கும் காணிக்கைகள் பலவகை. அரிசி மூட்டை வரும். பழைய கட்டில் வரும். திருமண வீட்டுச் சாப்பாடு பாத்திரத்தோடு வந்து இறங்கும். இவற்றைக் கொடுப்பதிலும் பெறுவதிலும் சிக்கல் ஏதும் இல்லை. கொடுத்தவர் வீடு திரும்புகிறார், பெற்றவர் நன்றி சொல்கிறார், அத்தோடு முடிந்தது. கார் அப்படிப்பட்ட பொருள் அன்று. அரசாங்கப் பதிவேட்டில் ஒருவருடைய பெயரோடு அது கட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கட்டை அவிழ்க்காமல் வண்டியை மட்டும் ஓட்டிக்கொண்டு போய் இல்லத்தின் வாசலில் நிறுத்திவிடுவது, சொல்லப்போனால், பாதிக் கொடையே.

அண்மைக் காலமாக இத்தகைய கார்களைப் பற்றிய கேள்விகள் நம்மிடம் அடிக்கடி வருகின்றன. பிள்ளைகள் வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். பெற்றோருக்கு ஓட்ட முடியவில்லை. வண்டி முற்றத்தில் தூசி படிந்து நிற்கிறது. ‘ஏதாவது இல்லத்துக்குக் கொடுத்துவிடலாமே’ என்று நல்ல மனத்தோடு முன்வருகிறார்கள். சாவி கிடைக்கிறது. ஆர்.சி. புத்தகம்தான் கிடைப்பதில்லை.

சட்டம் இவ்விடயத்தில் சற்று விந்தையாகவே பேசுகிறது. அசையும் பொருளொன்றைக் கொடையாக அளிக்க, அதனைப் பெறுபவரிடம் ஒப்படைத்தாலே போதும் என்கிறது 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டம். ஆகவே சாவியைக் கையில் கொடுத்து, அவரும் ஏற்றுக்கொண்டால், அது கொடைதான். ஆனால் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமோ, எவர் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று வரையறுக்கிறது. பொருள் கை மாறிவிட்டது; பொறுப்போ மாறவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் நல்ல மனிதர்கள் பலர் இடறி விழுகிறார்கள்.

இது வெறும் அச்சுறுத்தல் அன்று. 2018ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் உச்சநீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பு இதைத் தெளிவாக்குகிறது. ஒருவர் தம் காரை விற்றார். வாங்கியவர் வேறொருவருக்கு விற்றார். அவரும் இன்னொருவருக்கு விற்றார். எவரும் பதிவேட்டில் பெயர் மாற்றவில்லை. பிறகு அந்த வண்டியால் விபத்து நேர்ந்து உயிரிழப்பும் ஏற்பட்டது. இழப்பீட்டுக்குப் பொறுப்பாளி யார்? வண்டியை விற்று ஏறத்தாழ ஈராண்டு ஆகியிருந்தபோதிலும், பதிவேட்டில் எவர் பெயர் இருந்ததோ அந்த முதல் மனிதரே பொறுப்பு என்றது நீதிமன்றம். விபத்தில் அடிபட்டவர், வண்டி எவரெவர் கை மாறியது என்று தேடி அலைய வேண்டியதில்லை என்பது அதன் கருத்து. நியாயமான கருத்து என்றே நமக்கும் தோன்றுகிறது.

நம் கவனத்துக்கு வந்த ஒரு குடும்பத்தின் செய்தியை இங்கே கூறுவோம். பெயரும் ஊரும் வேண்டாம். பெரியவர் இறந்து ஓராண்டு கழிந்திருந்தது. அவர் 2014இல் வாங்கிய சிறிய மாருதி கார், நல்ல நிலையில் இருந்தது. அவருடைய மனைவி அதனைக் கன்னியர் நடத்தும் முதியோர் இல்லமொன்றுக்குக் கொடுக்க விரும்பினார். இல்லத்துக்கும் வண்டி மிகத் தேவையாயிருந்தது. அங்கிருந்த மூதாட்டி ஒருவரை வாரம் இருமுறை டயாலிசிஸுக்கு ஆட்டோவில் அழைத்துச் சென்றுகொண்டிருந்தார்கள். பீரோ, பெட்டி, காரின் முன்பக்க அறை, சாமி படத்துக்குப் பின்புறம் என்று எங்கு தேடியும் புத்தகம் அகப்படவில்லை. இளைய மகன் பொறுமை இழந்தார். “நல்ல காரியத்துக்குத்தானே கொடுக்கிறோம், சாமி! சாவியைக் கொடுத்துவிடுவோம். யார் கேட்கப்போகிறார்கள்?” என்றார். தலைமைச் சகோதரி அதற்கு இணங்கவில்லை. “சாவியை மட்டும் வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வோம், தம்பி? பாட்டியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகும்போது வழியில் போலீஸ்காரர் கைகாட்டினால் எதைக் காட்டுவது? யார்மேலாவது மோதிவிட்டால் உங்கள் அம்மாவையல்லவா கோர்ட்டுக்கு இழுப்பார்கள்?” என்றார். காணிக்கையாக வரும் வண்டியை மறுப்பதற்கு மனத்திண்மை வேண்டும். அந்தச் சகோதரியிடம் அது இருந்தது.

ஆர்.சி. புத்தகம் தொலைந்தால் வண்டியின் உரிமை தொலைந்துவிடாது. இதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். காகிதம்தான் போயிற்று, பதிவு அலுவலகத்தில் இருக்கிறது. இன்று பரிவாகன் இணையதளத்திலும் அதன் கைப்பேசிச் செயலியிலும் பதிவு எண்ணைக் கொடுத்தால், பதிவு எந்நாள் வரை செல்லும், காப்பீடு உண்டா, கடன் நிறுவனத்தின் பெயர் ஏறியிருக்கிறதா என்பன தெரியவரும். அலைவதற்கு முன் இதைப் பார்த்துக்கொள்வது நன்று. மிகப் பழைய வண்டிகள் சிலவற்றின் விவரம் கணினியில் ஏறாமலே இருக்கும். அவற்றுக்கு அலுவலகத்தை நேரில் அணுகவேண்டியதுதான்.

அடுத்து, புத்தகம் தொலைந்ததைக் காவல் நிலையத்தில் தெரிவித்துச் சான்று பெறவேண்டும். பின்னர் படிவம் 26ஐ நிரப்பி, வண்டி பதிவாகியிருக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நகல் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கவேண்டும். காப்பீட்டுத் தாள், புகைச் சான்று, முகவரிச் சான்று ஆகியவற்றைக் கேட்பார்கள். கட்டணம் பெரிதன்று, பதிவுக் கட்டணத்தில் பாதி. இதற்காக இடைத்தரகருக்கு ஆயிரக்கணக்கில் அள்ளிக் கொடுப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். படிக்கத் தெரிந்த பிள்ளை ஒருவர் வீட்டில் இருந்தால் அது வீண் செலவே.

இங்கே ஒன்றைக் குறிப்பிட்டே ஆகவேண்டும். ‘தொலைந்தது’ என்று எழுதிக் கொடுக்குமுன், உண்மையிலேயே தொலைந்ததா என்று பார்க்கவேண்டும். அவசரத் தேவைக்காகப் புத்தகத்தை எவரிடமோ அடகு வைத்துவிட்டு மறந்துபோனவர்கள் உண்டு. அடகில் இருப்பது தொலைந்தது ஆகாது. கடனைத் தீர்த்துப் புத்தகத்தை மீட்பதே வழி. தர்ம காரியத்துக்காகச் சொல்லும் பொய்யும் பொய்தான். அதிலும் காவல் நிலையத்தில் எழுதிக் கையெழுத்திடும் பொய் எளிதில் கரைந்துபோகாது.

மேற்சொன்ன குடும்பத்தில் இன்னும் இரண்டு முடிச்சுகள் இருந்தன. பதிவுப் பெயருக்குரியவரே உயிரோடு இல்லை என்பது முதல் முடிச்சு. இறந்தவர் கையெழுத்திட முடியாது. அவருடைய மனைவியும் தம் கணவர் பெயரிலுள்ள காரை நேரடியாக இல்லத்துக்கு மாற்றித்தர முடியாது. முதலில் படிவம் 31 வழியாக வண்டி வாரிசின் பெயருக்கு வரவேண்டும். இறப்புச் சான்றிதழ், தாசில்தார் வழங்கும் வாரிசுச் சான்றிதழ், ஏனைய வாரிசுகளின் சம்மதம் ஆகியன அதற்குத் தேவை. உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்கவேண்டும் என்பது விதி. துக்க வீட்டில் இதை நினைப்பவர் யார்? இவர்களும் நினைக்கவில்லை. தாமதத்துக்கான கட்டணத்தோடு விண்ணப்பித்தார்கள். வெளிநாட்டிலிருந்த மூத்த மகனின் சம்மதக் கடிதம் வந்து சேருவதற்கே பல வாரம் ஆயிற்று.

இரண்டாவது முடிச்சை எவரும் எதிர்பார்க்கவில்லை. காரை வாங்கியபோது பெற்ற வங்கிக் கடனைப் பெரியவர் கடைசித் தவணை வரை ஒழுங்காகக் கட்டி முடித்திருந்தார். ஆனால் பதிவேட்டில் வங்கியின் பெயர் அப்படியே இருந்தது. நம் மக்கள் எச்.பி. என்று சொல்வார்களே, அதுதான். கடன் தீர்ந்ததும் வங்கி தடையின்மைக் கடிதமும், கையொப்பமிட்ட படிவம் 35உம் தரும். அவற்றை அலுவலகத்தில் கொடுத்தால்தான் அந்தப் பதிவு நீங்கும். பலர் அந்தக் கடிதத்தை வாங்கி உறையோடு வைத்துவிடுகிறார்கள். பெயர் நீங்காத வரை நகல் சான்றிதழுக்கும் பெயர் மாற்றத்துக்கும் வங்கியின் ஒப்புதல் கேட்கப்படும். வங்கியில் பழைய கணக்கைத் தேடி எடுத்து, புதிதாய்க் கடிதம் வாங்கி வந்தார்கள்.

இவ்விரண்டையும்விடக் கடினமான நிலை ஒன்றுண்டு. பழைய வண்டியை வாங்கியவர், பெயர் மாற்றாமலே வருடக்கணக்கில் ஓட்டிவிட்டு, இப்போது அதனைக் கொடையாகக் கொடுக்க வருகிறார். பதிவிலுள்ள பெயரோ அவருக்கு விற்றவருடையது. அல்லது அவருக்கும் முந்தியவருடையது. அந்த மனிதரைத் தேடிக் கண்டுபிடித்துக் கையெழுத்துப் பெறாமல் காரியம் நடக்காது. நிரப்பாத படிவங்களில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் பழைய கார் வியாபாரத்தில் இருக்கிறது. அந்த வெற்றுத் தாள்களை எந்த இல்லமும் ஏற்காதிருப்பதே நலம்.

அமெரிக்காவிலிருக்கும் பிள்ளைகள் வேறுவிதமாகச் சொல்வதுண்டு: “இங்கே ஒரு போன் செய்தால் போதும், தர்ம நிறுவனத்தார் வந்து காரை இழுத்துக்கொண்டு போவார்கள், வரிச்சலுகைக்கு ரசீதும் தருவார்கள்.” உண்மைதான். ஆயினும் அங்கும் உரிமைப் பத்திரம் இல்லாத வண்டியைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்பதில்லை. அந்தந்த மாநிலத்தின் வாகனத் துறையில் நகல் பெற்று வரும்படி சொல்கின்றன. 500 டாலருக்கு மேற்பட்ட கழிவு கேட்டால், நிறுவனம் வண்டியை விற்றுப் பெற்ற தொகையே பொதுவாக அதற்கு உச்சவரம்பு என்று 2005 முதல் விதி இருக்கிறது.

நம் நாட்டிலோ பொருளாகக் கொடுக்கும் கொடைக்கு வருமான வரிக் கழிவே கிடையாது. பணமாகக் கொடுத்தால் மட்டுமே உண்டு. அதுவும் நிறுவனம் அதற்குரிய அங்கீகாரம் பெற்றிருக்கவேண்டும். கொடுப்பவரும் பழைய வரிமுறையில் இருக்கவேண்டும். 2,000 ரூபாய்க்கு மேற்பட்டதை ரொக்கமாகக் கொடுத்தல் ஆகாது. எனவே, காரைத் தாமே முறைப்படி பெயர் மாற்றி விற்று, அந்தத் தொகையைக் காசோலையாக இல்லத்துக்கு அளிப்பது பலருக்கும் நல்ல வழி. ஓட்டுநர் இல்லாத, டீசலுக்கே வழியில்லாத சிறிய இல்லங்களுக்கு வண்டியைவிடப் பணமே உதவும். 1964ஆம் ஆண்டு டிசம்பரில் பம்பாய் நற்கருணை மாநாட்டுக்கு வந்த திருத்தந்தை ஆறாம் பவுல், தாம் பயணம் செய்த வெள்ளை நிற லிங்கன் காரை அன்னை தெரேசாவுக்குக் கொடுத்துச் சென்றார். அன்னை அதை வைத்து ஓட்டவில்லை. பரிசுச்சீட்டு நடத்திக் கிடைத்த பணத்தைத் தொழுநோயாளரின் குடியிருப்புக்குப் பயன்படுத்தினார்.

பதினைந்து ஆண்டைக் கடந்த காராயின் கணக்கு மாறும். பதிவைப் புதுப்பிக்காமல் சாலையில் ஓட்டக்கூடாது. 2022 ஏப்ரல் முதல் அதற்கான கட்டணமே 5,000 ரூபாயாக உயர்ந்துவிட்டது. சோதனைக்கும் பழுதுபார்ப்புக்கும் ஆகும் செலவு வேறு. அந்தச் செலவை இல்லத்தின் தலையில் கட்டுவது தர்மம் ஆகாது. 2021ஆம் ஆண்டின் விதிகளின்படி பதிவுபெற்ற வாகன உடைப்பு நிலையங்கள் உள்ளன. அங்கே ஒப்படைத்துச் சான்றும் பணமும் பெற்று, பதிவை நீக்கச் செய்து, பணத்தை இல்லத்துக்குக் கொடுக்கலாம். தெருமுனை இரும்புக்கடையில் எடைக்குப் போட்டுவிட்டால் வண்டி போகும். பெயர் பதிவேட்டிலேயே தங்கும்.

அந்த மாருதி ஐந்து மாதத்துக்குப் பின் இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நகல் சான்றிதழ் அம்மையாரின் பெயரில் வந்தது. படிவம் 29இலும் 30இலும் அவரும் இல்லத்தின் சார்பில் தலைமைச் சகோதரியும் கையொப்பமிட்டார்கள். இல்ல நிர்வாக அறக்கட்டளையின் பெயருக்குப் பதிவு மாறியது. கொடுப்பவர் 14 நாளுக்குள்ளும் பெறுபவர் 30 நாளுக்குள்ளும் இதைத் தெரிவிக்கவேண்டும் என்பது சட்டம். காப்பீட்டு நிறுவனத்துக்கும் 14 நாளுக்குள் எழுதித் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டார்கள். புதிய அட்டையின் ஒளிநகல் ஒன்றை அம்மையார் கேட்டு வாங்கிக்கொண்டார். பழைய புத்தகம் பின்னர் பெரியவரின் ஓய்வூதியக் கோப்புக்குள் கிடைத்தது.

கார் வைத்திருக்கும் நம் குடும்பங்களுக்கு இன்னொரு செய்தி: 2021 முதல், உரிமையாளர் தமக்குப் பின் வண்டி எவரைச் சேரவேண்டும் என்று பதிவிலேயே நியமனதாரரின் பெயரைச் சேர்த்து வைக்கலாம். வண்டியைப் பதிவு செய்யும்போதோ, பிற்பாடு இணையதளம் வழியாகவோ இதைச் செய்துகொள்ளலாம். அப்படிச் செய்திருந்தால் வாரிசுச் சான்றிதழுக்கு அலையும் வேலை பெரிதும் குறையும்.