முகவாயில் முடி: யார் குற்றம்?

தோழா!

அன்றிரவு எனக்குத் தரப்பட்ட தலைப்பு பெண்ணுரிமை. இரண்டு மணி நேரம் பேசினேன். அடுப்பங்கரையிலே அடைபட்டுக் கிடக்கப் பிறந்தவளா பெண் என்று கேட்டேன், கைதட்டல் எழுந்தது. அவளுடைய கண்ணீரைக் கண்டும் காணாதவன் மனிதனா என்று கேட்டேன். அதற்கு இன்னும் பலத்த கைதட்டல். மாலை விழுந்தது, சோடா வந்தது, கூட்டம் கலைந்தது. கிடைத்த பேருந்தைப் பிடித்து வீடு வந்து சேர்ந்தபோது விடியற்காலை நான்கு மணி.

கொல்லைப்புறத்திலே விளக்கு எரிந்தது. திருடனோ என்று ஓசைப்படாமல் போய்ப் பார்த்தேன். அங்கே இருந்தது என் தங்கை. கையகலக் கண்ணாடியைத் துவைகல்லின்மீது சாய்த்து வைத்து, முள்வாங்கியால் தன் முகவாயிலிருந்து முடியை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். காலிலே தைத்த முள்ளை எடுக்க அப்பா வாங்கி வைத்த அதே முள்வாங்கி! என்னைக் கண்டதும் முந்தானைக்குள் மறைத்தாள்.

"எத்தனை நாளாய் இப்படி?" என்றேன்.

"ஆறு வருஷமாச்சு அண்ணே. நீங்கள்லாம் எந்திரிக்கிறதுக்கு முன்னாடி முடிச்சிடுவேன்."

ஆறு ஆண்டுகள், தோழா! ஒரே கூரை, ஒரே சோற்றுப் பானை. ஊரார் வீட்டுப் பெண்களின் துயரையெல்லாம் ஒலிபெருக்கியிலே எடுத்துரைத்தவனுக்கு, உடன்பிறந்தவளின் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்க்க நேரமில்லை.

அம்மாவுக்குத் தெரியும். மூன்று மாதத்திற்கு ஒருமுறை, சில வேளை ஐந்து மாதத்திற்கு ஒருமுறைதான் அவளுக்கு மாதவிலக்கு வரும் என்பதும் தெரியும். கழுத்தின் பின்புறம் கருத்துத் தடித்திருப்பதை அழுக்கு என்று எண்ணி, பீர்க்கங்கூட்டால் தோல் சிவக்கத் தேய்த்திருக்கிறாள். கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள். அந்த வேண்டுதலைக் கேலி செய்தவன் நான். கேலி செய்தேனே, அதற்கு மாற்றாக மருத்துவமனைக்கு அழைத்துப் போனேனா? இல்லை! கேலி செய்து முடித்ததும் பகுத்தறிவுக் கடமை தீர்ந்தது என்று துண்டைத் தோளிலே போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பெண் பார்க்க வந்த வீட்டார், பலகாரம் தின்ற கையோடு, பெண்ணுக்கு ஆம்பிளை முகம் என்று தரகரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள் என்பதும் அன்று விடிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. என்னிடம் எல்லோரும் சொன்ன காரணம் ஜாதகம்! நான்தான் ஜாதகத்தை நம்பாதவனாயிற்றே, மேற்கொண்டு கேட்கமாட்டேன் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

அந்த வாரமே அரசு மருத்துவமனைக்குப் போனோம். ஸ்கேன் எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். அங்கிருந்த டாக்டரம்மா நோயின் பெயரைச் சொன்னார்: பி.சி.ஓ.எஸ். ஊரிலே இதை 'நீர்க்கட்டி' என்கிறோம். "கட்டியா? அறுக்க வேண்டுமா?" என்று அலறினேன். அவர் சிரித்தார். கட்டியே இல்லை என்றார்.

அவர் விளக்கியதை உனக்கு விளங்கும் வகையிலே சொல்கிறேன், கேள். உண்ட உணவு சர்க்கரையாகி இரத்தத்திலே ஓடுகிறது. அந்தச் சர்க்கரை உடலின் செல்களுக்குள்ளே போனால்தான் அது உழைப்புக்கு உதவும். கதவைத் திறக்கச் சொல்லிச் சங்கு ஊதுவது இன்சுலின். ஊதி அனுப்புவது கணையம். ஆலை வாயிற்காப்போனுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று வைத்துக்கொள். ஒருமுறை ஊதினால் திறக்கமாட்டான். பத்துமுறை ஊத வேண்டும். கணையமும் ஊதுகிறது. கதவு திறக்கிறது. ஆனால் அந்தச் சங்கொலி ஊரெங்கும் கேட்குமே! சினைப்பையின் காது மந்தமாகவில்லை. ஓயாத ஒலி கேட்டு அது ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கிறது. ஆண்மைக்குரிய சுரப்பு என்று பெயரெடுத்த ஒன்றுதான். ஆனாலும் எல்லாப் பெண்களின் உடலிலும் சிறிதளவு இயல்பாகவே உண்டு. அது மிகுந்தால் முகவாயிலே முடி, கன்னத்திலே பரு, உச்சந்தலையிலே முடி உதிர்வு. மாதம் ஒன்றாக முதிர்ந்து வெளியேற வேண்டிய கருமுட்டை பாதி வழியிலே நின்றுவிடுகிறது. அப்படி நின்றுபோன சிறு சிறு முட்டைப் பைகள்தாம் ஸ்கேனிலே கோத்த மணிகளைப்போலத் தெரிகின்றன. அவற்றுக்குத்தான் கட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள்! கழுத்துக் கருமையும் அழுக்கல்ல. மிகுந்த இன்சுலின் தோலிலே எழுதிய கையெழுத்து.

எல்லோருக்கும் ஒரே வழியில் வருவதில்லை. ஒல்லியான பெண்ணுக்கும் வரும். பரம்பரைக்கும் பங்குண்டு. தின்று கொழுத்ததால் வந்தது என்று எவனாவது சொன்னால் அவன் வாயை மூடு.

புதிய நோயா? இல்லை. 1721இல் இத்தாலி நாட்டு வல்லிஸ்நேரி என்பவர், பிள்ளைப்பேறற்ற ஓர் உழவர் குலப் பெண்ணின் சினைப்பைகள் புறா முட்டைபோல் வெளுத்துப் பருத்திருந்ததை எழுதி வைத்தார். 1935இல் சிகாகோ நகரத்து ஸ்டெய்ன், லெவந்தால் என்ற இரு மருத்துவர்கள் ஏழு பெண்களைப் பற்றி எழுதிய பிறகே உலகம் இதைத் தனி நோயாகப் பார்க்கத் தொடங்கியது. 2003இல் ராட்டர்டாம் நகரிலே கூடியவர்கள் வரையறை வகுத்தார்கள்: மாதவிலக்குக் கோளாறு, ஆண்ட்ரோஜன் மிகுதி, ஸ்கேனிலே தெரியும் சினைப்பைத் தோற்றம் ஆகிய மூன்றிலே இரண்டு இருந்தால் போதும், ஆனால் தைராய்டு போன்ற வேறு காரணங்கள் இல்லையென்று முதலில் உறுதி செய்ய வேண்டும். பிள்ளைப்பேற்று வயதுப் பெண்களில் பத்துக்கு ஒருவர் என்ற அளவிலே இந்நோய் இருக்கிறது. அவர்களிலே நூற்றுக்கு எழுபது பேர் வரை கண்டறியப்படாமலே இருக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உன் கிளையிலே இருக்கும் வீடுகளை எண்ணிப் பார், தோழா! எத்தனை கொல்லைப்புறங்களிலே விளக்கு எரிகிறதோ!

முடி மட்டும்தானே, போனால் போகட்டும் என்று விடக்கூடாதா? கூடாது. மூன்று மாதத்திற்கு மேல் மாதவிலக்கு வராமலிருந்தால் கருப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போகும். நாள்பட்டால் அங்கே புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடும். சர்க்கரை நோய் இளவயதிலேயே எட்டிப் பார்க்கும். மனச்சோர்வும் சேர்ந்துகொள்ளும். என் தங்கை கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தி மூன்றாண்டு ஆகியிருந்தது. கூச்ச சுபாவம் என்று நினைத்தோம்.

டாக்டரம்மா மாத்திரை எழுதித் தந்தார். இங்கேதான் அடுத்த சோதனை. மாதவிலக்கை ஒழுங்குபடுத்தவும் ஆண்ட்ரோஜனைக் கட்டுப்படுத்தவும் தருவது கருத்தடை மாத்திரையைத்தான். மருந்துக் கடைக்காரர் அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அவள் கழுத்தைப் பார்த்தார். தாலி இல்லை! மாலைக்குள் தெருவே பேசியது. கல்யாணமாகாத பெண்ணுக்கு எதற்கு அந்த மாத்திரை? இன்சுலினின் வேலையைச் சீராக்க மெட்பார்மின் தந்தார்கள். சின்ன வயதிலே சர்க்கரையாம் என்று அதற்கும் ஒரு பேச்சு. மறுமாதம் நான் போய் வாங்கினேன். யாருக்கு என்று கேட்டார் கடைக்காரர். என் தங்கைக்கு, நோய்க்கு என்றேன் உரக்கவே. ஒலிபெருக்கி இல்லாமலும் குரல் எடுபடும் என்று அன்றுதான் கண்டேன்.

மருந்தோடு நடையும் வேண்டும், உணவிலே கட்டுப்பாடும் வேண்டும். உடல் எடை கூடியிருப்பவர் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தாலே மாதவிலக்கு திரும்ப வாய்ப்புண்டு; எழுபது கிலோ இருப்பவருக்கு மூன்றரை கிலோ. மலையைப் புரட்டும் வேலையல்ல. ஆனால் விடிய எழுந்து சமைத்து, வேலைக்குப் போய், வந்து பாத்திரம் துலக்கும் பெண், எந்த நேரத்திலே நடப்பாள்? இப்போது மாலையிலே பாத்திரம் துலக்குவது நான். அம்மா முகம் சுளிக்கிறாள். அவள் நடந்துவிட்டு வருகிறாள்.

புறப்படும்போது டாக்டரம்மா என்னை நிறுத்தினார். "உடன்பிறந்தவரா? உங்கள் இரத்தத்தையும் பாருங்கள்" என்றார். பரம்பரையிலே வரும் இந்த இன்சுலின் மந்தம் ஆண் பெண் பார்ப்பதில்லையாம். பார்த்தேன். சர்க்கரை நோயின் வாசற்படியிலே நிற்கிறேன்! கூட்டத்துக்குக் கூட்டம் ஐந்து கோப்பைத் தேநீர், நள்ளிரவிலே பரோட்டா. முடி முளைத்துக் காட்டிக்கொடுக்க எனக்கு வழியில்லை. முகத்திலே தாடி இருந்தால் சிந்தனையாளன் என்கிறார்கள்.

குழந்தையில்லை என்று மனைவியைத் தள்ளி வைக்க நினைக்கும் தோழன் ஒருவன் என்னிடம் வந்தான். அவளுக்கு நீர்க்கட்டியாம். லெட்ரசோல் என்றொரு மாத்திரை இருக்கிறது. கருமுட்டையை முதிர்ந்து வெளியேற வைக்க முதலிலே தருவது அதைத்தான். இந்நோய் உள்ள பெண்கள் பலர் தாயாகியிருக்கிறார்கள் என்றேன். உன் விந்தைச் சோதித்தாயா என்றும் கேட்டேன். கோபித்துக்கொண்டு போனான். மறுவாரம் வந்து, எந்த மருத்துவமனை என்று மெதுவாகக் கேட்டான்.

இங்கிலாந்திலே ஹர்னாம் கவுர் என்றொரு பெண். இதே நோய். முடியை எடுப்பதையே விட்டுவிட்டு முழுத் தாடி வளர்த்தார். 2015இல், தம் 24ஆம் வயதில், முழுத் தாடியுள்ள மிக இளம் பெண் என்று கின்னஸ் ஏட்டிலே இடம் பெற்றார். தங்கையிடம் படத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள்.

"எனக்கு அவ்வளவு தைரியம் வேணாம் அண்ணே. முள்வாங்கியை ஒளிக்காம இருந்தாப் போதும்" என்றாள்.

இப்போது அந்தக் கண்ணாடி முன்கூடத்திலே மாட்டியிருக்கிறது. முடி இன்னும் முளைக்கத்தான் செய்கிறது. மாத்திரை அதன்மீது வேலை செய்ய ஆறு மாதமாவது ஆகுமாம். வரும் புதன்கிழமை மறுபடி மருத்துவமனைக்குப் போக வேண்டும். அன்றைக்கு ஒரு கூட்டத்துக்குத் தேதி கொடுத்திருந்தேன். வர இயலாது என்று வட்டச் செயலாளருக்குத் தொலைபேசியிலே சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார், காரணத்தையும் சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்தவர், "என் மகளையும் கூட்டிக்கொண்டு வரட்டுமா?" என்றார்.